காலாவதியாகும் காசு

பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் கிப்ட் வவுச்சர் கொடுக்கும் பழக்கம் கல்முனைப் பக்கமும் வந்துவிட்டது. உடுப்பின் அளவு தெரியாது, நிறம் பிடிக்குமோ தெரியாது. வவுச்சரென்றால் தலையிடி இல்லை. முன்பக்கம் தங்க நிறத்தில் 5,000 ரூபாய். பின்பக்கம் எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், நிபந்தனைகள்: ஆறு மாதத்துக்குள் பாவிக்க வேண்டும், மிச்சக்காசு தரப்படமாட்டாது, தொலைந்தால் பொறுப்பில்லை. திகதியோ றப்பர் முத்திரையில் பாதி அழிந்து கிடக்கும். முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிய கடை, ஒரு முழத் துணியும் கொடுக்காமல் கணக்கை மூடிவிடலாமா?

இலங்கையில் இதற்குக் கைவசமிருப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதில் நல்ல பக்கமும் உண்டு. பொருளை அல்லது சேவையைப் பாவிப்பவரும் பாவிக்கக்கூடியவரும் நுகர்வோரே. ஆகவே காசு கொடுத்தவர் மாமா, வவுச்சர் மருமகளிடம் என்றாலும் மருமகளுக்கு உரிமை இல்லையென்று கடை தட்டிக்கழிக்க முடியாது. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 30 ஆம் பிரிவு தடைசெய்கிறது. தமிழில் வியாபாரம் பேசிவிட்டு நிபந்தனையை மட்டும் ஆங்கிலத்தில் ஒளித்துவைப்பது அதற்குள் வருமென்று வாதாட இடமுண்டு.

சறுக்குவது 13 ஆம் பிரிவில். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது அது. பழுதான மின்விசிறிக்கு இந்தக் கணக்குச் சரி. பழுது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். வவுச்சரில் பிணக்கு பிறப்பதே கடைசித் திகதி கழிந்த பிறகுதான். ஆறு மாத வவுச்சரை ஏழாம் மாதம் காசாளர் திருப்பித் தரும்போது, முறைப்பாட்டுக்கான வாசல் மூன்று மாதங்களுக்கு முன்பே சாத்தப்பட்டிருக்கும். சட்டத்தை வரைந்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் மனதில் இருந்தது அரிசியும் பால்மாவும்.

வெளிநாடுகள் பல வவுச்சரின் காலாவதியைத் தனியாகவே கையாண்டிருக்கின்றன. அமெரிக்காவின் 2009 ஆம் ஆண்டுச் சட்டமும் அயர்லாந்தின் 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் குறைந்தது ஐந்து வருடம் கேட்கின்றன, அவுஸ்திரேலியா மூன்று. இந்தியாவில் ரிசர்வ் வங்கி முற்கொடுப்பனவு அட்டைகளுக்கு ஒரு வருடமாவது விதித்தாலும், ஒரு கடை தன் சரக்குக்கு மட்டும் விற்கும் அட்டையை அது தொடுவதில்லை. நமது வவுச்சர்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. பழைய வவுச்சர்களை வருடக்கணக்கில் கணக்கில் சுமப்பது லேசல்ல. சரக்கு மாறும், விலை மாறும் என்பார்கள். முதலாவதை ஏற்கலாம். விலை பற்றிய வாதம் அவருக்கே எதிராகத் திரும்புகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின் படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. வவுச்சரில் எழுதியிருப்பது ரூபாய், முழம் அல்ல. முன்பு வாங்கிய 5,000 ரூபாயில் அன்றைய விலைக்குச் சரக்கெடுத்தவர், பின்னர் அதே 5,000 ரூபாய்க்குக் குறைந்த துணியையே கொடுக்கிறார். தாமதத்தில் இளைத்தது வவுச்சர் வைத்திருந்தவர். அதற்கு மேல் காலாவதியும் என்றால் இரட்டை அடி.

பாடசாலைப் பிள்ளைகளின் பாதணி வவுச்சருக்கு அரசாங்கமே திகதி குறித்து, பிறகு அதை நீடித்திருக்கிறது. குறித்த திகதி கல்லில் வெட்டிய எழுத்தல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்து வருடமென்று ஒரு சட்டத்தை அப்படியே இறக்குமதி செய்தால் போதுமா? போதாது. இரண்டாம் வருடத்தில் கடை மறுத்தால் மூன்று மாத எல்லை அப்போதும் குறுக்கே நிற்கும். அதிகாரசபை 10 ஆம் பிரிவின் கீழ் வர்த்தகருக்குப் பணிப்புரை விடுக்கலாம். அதை மீறுவது குற்றம். அரிசி விலைக்குக் கடையேறுவது போல அதிகாரிகள் இதற்கும் கடையேறலாம், தனியாள் முறைப்பாடு தேவையில்லை. காலாவதித் திகதி தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக முன்பக்கத்தில், குறைந்தது மூன்று வருடம், மிச்சத்துக்கு அதே கடையின் சீட்டு: இந்த மூன்றுக்கும் ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதுமென்பது என் எண்ணம். ஆனால் தண்டப்பணம் அரசுக்குப் போகும், மருமகளின் 5,000 ரூபாய் திரும்பாது. அதற்கு 13 ஆம் பிரிவைத் திருத்தி, வவுச்சர் மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்தை எண்ண வேண்டும். பணிப்புரை முதலில், திருத்தம் அடுத்து. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்பவர் பாதி வேலையோடு நிற்கிறார்.

அதுவரை மறுக்கப்பட்ட வவுச்சரையும் கடைப் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே தீர்ப்பு இல்லை, இணக்கம்தான். ஆனாலும் தெரிந்த முகங்கள் நிறைந்த கடைத்தெருவில், 5,000 ரூபாய்க்காகச் சபைக்கு அழைக்கப்படுவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார்.