பாட்டியின் வடை

சிறுவர்க்கென நகைச்சுவையாக மாற்றிச் சொல்லப்படும் பழங்கதைகளை வெறும் விளையாட்டென ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. பழைய கதை பிள்ளையின் நெஞ்சில் முன்பே குடியிருந்தாலன்றி, அதன் மாற்றம் நகையை விளைவிப்பதில்லை. நன்கறிந்த ஒன்றை வேறொரு கண்கொண்டு நோக்க இளம் வாசகரைப் பழக்கும் முதற்பள்ளி இவ்வகை எழுத்து. அப்பள்ளியில் கற்பிக்கப்படுவது யாது என்பதே நம் வினா.

தமிழ்ப் பிள்ளைகள் நன்கறிந்த காகமும் நரியும் கதையையே எடுத்துக்கொள்வோம். ஈசாப்பின் பெயரால் வழங்கும் இக்கதையைப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1668இல் செய்யுளாக்கியபோது, காகத்தின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி. பழனியை அடுத்த தொப்பம்பட்டிச் சமவெளியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்பொருள் என்ன சுவை தரும்? தமிழ் வாய்மொழி அதனை வடையாக்கிற்று. வடை வந்ததும், அதைச் சுட்டெடுக்க மரத்தடியில் ஒரு பாட்டியும் வந்தமர்ந்தாள். அவள் நம் கதைசொல்லிகள் தந்த செல்வம்.

இக்கதைக்கு நகைச்சுவை மாற்றம் ஒன்று நம்மிடையே நெடுநாளாய் வழங்குகிறது. நரி பாடச் சொல்கிறது. காகமோ வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு 'கா கா' எனக் கரைகிறது. நரி ஏமாந்து திரும்புகிறது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். முகத்துதிக்கு மயங்காதே என்று அறிவுரை கூறாமல், மயங்காத காகத்தையே கண்முன் நிறுத்துவது இம்மாற்றத்தின் சிறப்பு.

ஆயினும் பெருங்குறை ஒன்று உண்டு. வடை காகத்துடையதன்று, பாட்டியிடமிருந்து கவர்ந்தது. பழைய கதையில் களவாடிய பொருளைக் காகமும் பறிகொடுத்தது. அதில் ஒருவகை நீதியேனும் எஞ்சியிருந்தது. புதிய கதையிலோ கள்வனே வெற்றி வீரன். நரியின் தோல்வியைக் கண்டு சிரிக்கும் நாம், அதற்கு முன்பே தோற்றுவிட்ட பாட்டியை மறந்துபோகிறோம். உழைத்தவளை மறக்கச் செய்யும் சிரிப்பு, எத்துணை இனிதாயினும் நிறைவுடையதாகுமோ?

பழங்கதையை மாற்றுவோர் இழந்தவர் பக்கம் நின்ற வரலாறும் உண்டு. பஞ்சதந்திரத்தின் முதற்பகுதியில், சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே பகை மூட்டி எருதைக் கொல்வித்த நரி, தண்டனையின்றித் தப்புகிறது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா பாரசீகப் பஹ்லவி மொழிவழி அரபியில் ஆக்கிய 'கலீலா வ திம்னா'விலோ, அந்நரி விசாரிக்கப்பட்டு மாள்கிறது. அந்த விசாரணைப் பகுதி அவரே சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாண்ட எருதுக்காக ஒரு வழக்கு மன்றத்தையே எழுப்பினார் அவர்.

'அது நீதிநூல்; சிறுவர் நகைச்சுவைக்கு அப்பாரம் ஏன்?' எனச் சிலர் வினவலாம். நகையும் நீதியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 1982இல் ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் பழைய தேவதைக் கதைகள் ஆறனைக் குறும்புச் செய்யுள்களாக்கினார். கரடிகளின் வீட்டுக்குள் நுழைந்து கஞ்சியைக் குடித்து நாற்காலியை உடைத்த கோல்டிலாக்ஸை உலகமே செல்லப் பெண்ணாகக் கொண்டாடியிருந்தது. டாலோ அவள் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். வாசகர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். கஞ்சி யாருடையது என்பதையும் உணர்கின்றனர். 1989இல் அமெரிக்கரான ஜான் செஸ்கா, மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாயின் வாக்குமூலமாக எழுதினார். சளி பிடித்துத் தும்மியதால் வீடுகள் வீழ்ந்தன என்கிறது ஓநாய். அதனை நம்புவதா என்னும் தீர்ப்பைப் பிள்ளையே எழுத வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட, வடைக் கதையின் மாற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது எனலாம். வென்றவனை மாற்றுவது எளிது. எவரும் கேளாத குரலைக் கேட்பிப்பதே அரிது. ஈசாப்புக்கு வாய்க்காத பாத்திரம் ஒன்று தமிழ்க் கதைக்கு வாய்த்திருக்கிறது. சிறுவர்க்கு எழுதுவோர் அறவுரை ஏதும் ஆற்ற வேண்டா. அடுப்படியில் இருக்கும் பாட்டி ஒருமுறை நிமிர்ந்து மரத்தை நோக்கி, 'வடைக்குக் காசு?' என்று கேட்கட்டும். காகமும் நரியும் ஒருசேர விழிக்கும்போது எழும் சிரிப்பு, இதுவரை நாம் சிரித்ததினும் பெரிதாயிருக்கும்.