மருமகன்: ஒரே சொல், இரண்டு ஆட்கள்

"வயசானா எல்லாம் சரியாயிரும்." எங்கள் பக்கத்தில் எந்தக் குடும்பச் சண்டையும் கடைசியில் இந்தப் பேச்சில்தான் வந்து முடியும். முரட்டுப் பையன் கல்யாணம் ஆனால் அடங்குவான், கோபக்கார அப்பா பேரனைத் தூக்கினால் இளகுவார், மாமியார் படுக்கையில் விழுந்தால் மருமகளை மகளாக நினைப்பாள். காலம் மனுசனைப் பழுக்க வைக்கும் என்ற நம்பிக்கை. குமரி மாவட்டத்துக்காரர்கள் எழுதிய மூன்று நூல்களை அடுத்தடுத்து மறுபடி வாசித்தபோது, இந்த நம்பிக்கையை அவை ஏற்கவே இல்லை என்று தோன்றியது. யார் வீட்டில் படுக்கிறோம், யார் சொத்தில் சாப்பிடுகிறோம் என்பது மாறினால் இந்த நூல்களில் மனிதர்கள் மாறுகிறார்கள். வயது சும்மா கூட வருகிறது, அவ்வளவுதான்.

முதலாவது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. 1917-18-ல் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. கவிமணி என்றால் பள்ளிக்கூடத்துக் குழந்தைப் பாட்டுதான் நமக்கு ஞாபகம் வரும். அந்த மனுசர் எழுதினதா இது என்று மான்மியம் திகைக்க வைக்கும். சொல்பவள் ஒரு பெண், ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. புராணங்களைப் போலப் படலம் படலமாகப் பிரித்து, அடுப்படிச் சண்டையைக் காவியமாக்கி வைத்திருக்கிறார். 'மாமி அரசியற் படலம்' என்ற தலைப்பே போதும். 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று இன்னொன்று. கோடு என்றால் கோர்ட். சொத்து முழுவதும் வழக்கில் போன கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு என்பதால் இந்தத் தலைப்பை வாசித்து என்னால் சிரிக்க மட்டும் முடியவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாஞ்சில் நாடு என்பது பெரும்பாலும் இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழியாகக் கேரளப் பக்கம் இருந்தது. இங்குள்ள வெள்ளாளரில் ஒரு பகுதியினர் மருமக்கள் வழியினர். அதாவது ஒருவரின் குடும்பச் சொத்து அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். மலையாளத்து நாயர்களிடமும் இதுதான் வழக்கம். ஆனால் அங்கே பெண் தன் தறவாட்டிலேயே இருந்தாள், பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தன. நாஞ்சில் நாட்டிலோ பெண் கல்யாணம் ஆகிப் புருசன் வீட்டுக்குப் போவாள். பிள்ளைகள் வளர்வது அப்பா வீட்டில், அவர்களுக்கு உரிமை இருப்பது மாமன் வீட்டில். இந்த முரண்தான் எல்லாக் கொடுமைக்கும் வேர் என்பது என் எண்ணம்.

இதற்குள் ஓர் ஆணின் வாழ்க்கையை ஓட்டிப் பாருங்கள். சிறுவனாக இருக்கையில் அவன் அப்பா வீட்டில் ஒட்டுண்ணி. அப்பாவுடைய மருமகன் வந்து அதிகாரம் பண்ணுவதை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்க்கிறான். வாலிபத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போகும்போது, அங்கே அவனே அந்த அதிகாரம் பண்ணும் மருமகன். அங்கும் ஓர் அத்தை, முந்தானைக்குப் பின்னால் ஒரு பையன். பிறகு அவனே காரணவர். சொந்தப் பிள்ளை மேல் பாசம், சொத்தோ சகோதரி மகனுக்கு. பாசத்துக்காக ஏதாவது எழுதிவைக்க 'உகந்துடைமை' என்று ஒரு வழி இருந்தது. அதற்கும் மருமகன்கள் கோடேறுவார்கள். ஒரே ஆள் மூன்று வயதில் மூன்று வேறு மனுசன். பக்குவத்துக்கு இதில் என்ன வேலை?

கவிமணி மேல் எனக்கு உள்ள குறை இங்கேதான். அவருடைய மருமகன் வெறும் திருடன். நாளைக்கு அவனும் ஒரு தகப்பனாகத் தவிப்பான் என்பதைப் பார்க்க நூல் நிற்பதில்லை. சட்டம் மாற வேண்டும் என்ற அவசரத்தில் எழுதிய நூல், அவசரம் அதில் தெரிகிறது. அந்தப் பெண்ணின் குரலில் மட்டும் அவசரம் இல்லை. அவளுக்கு எங்கே அழ வேண்டும், எங்கே கேலி பண்ண வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. கடைசியில் வரும் 'கும்பியெரிச்சற் படல'த்தில் வயிறு எரிவது பசியாலா வயிற்றெரிச்சலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை கிடைத்தது. மருமக்கள் வழி மெல்ல மெல்ல மக்கள் வழி ஆனது. அதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள்.

முடியவில்லை என்று எனக்குக் காட்டியது நாஞ்சில்நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977). 'சொல்ல மறந்த கதை' படமாக 2002-ல் பார்த்தவர்கள் அதிகம் இருப்பீர்கள். படித்துவிட்டு வேலையில்லாத, வசதியில்லாத வீட்டுப் பையன் சிவதாணு. பணக்கார வீட்டுப் பார்வதியைக் கட்டுகிறான். மாமனார் வீட்டு நிழலில் அவன் மானம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இந்த நாவலைப் பேசுகிறவர்கள் வட்டார வழக்கு, கல்யாணச் சாப்பாடு, வேலையில்லாத் திண்டாட்டம் என்று போய்விடுகிறார்கள். எனக்குப் பட்டது வேறு. மான்மியத்தில் மருமகன் என்பவன் சகோதரி மகன், சொத்தை எடுப்பவன். இங்கே மருமகன் என்பவன் மகள் புருசன், சொத்துக்காக எடுக்கப்பட்டவன். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். எங்கள் வீட்டு ஆச்சி "மருமவன் வந்திருக்காரு" என்றால், யார் என்று முற்றத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சட்டம் மாறி ஐம்பது வருசத்தில் அந்தச் சொல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிரட்டுகிறவனிடமிருந்து மிரளுகிறவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. முன்பு அத்தை நின்ற அதே அடுப்படி வாசலில் இப்போது சிவதாணு நிற்கிறான்.

சிவதாணுவுக்குப் பக்குவம் வந்து அவன் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். மாமனார் வாசலைத் தாண்டி வெளியே வந்தபிறகுதான் அவனுக்கு முதுகெலும்பு வருகிறது. அந்த அவமானத்தை நாஞ்சில்நாடன் உள்ளே இருந்து எழுதியிருக்கிறார். சாப்பிட உட்காரும்போது தொண்டையில் இறங்காத சோற்றை எழுத அவரை விட்டால் ஆள் குறைவு. ஆனால் பார்வதி? அப்பாவுக்கும் புருசனுக்கும் நடுவில் அவளுக்கு என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் சிவதாணுவின் கோபம் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். அறுபது வருசத்துக்கு முன்னால் ஒரு கவிஞர் ஐந்தாவது மனைவிக்கே வாய் கொடுத்தார். நாவல் என்ற பெரிய வடிவம் கையில் இருந்தும் முதல் மனைவிக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. எனக்கு இது சின்னக் குறையாகத் தெரியவில்லை.

மூன்றாவது நூல் தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி', 1997-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. இது நாஞ்சில் நாடு அல்ல, மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் தேங்காய்ப்பட்டணம். சமூகமும் வேறு. இருந்தும் இதைச் சேர்க்கக் காரணம் முஸ்தபாக்கண்ணு. வயது வந்து மனுசன் பழுக்க வேண்டும் என்றால் இந்த ஆள்தான் பழுத்திருக்க வேண்டும். பழைய தறவாட்டுப் பெருமையின் மேல் சாய்ந்தபடி, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். மனைவியை அடிக்கிறார். அவருக்குக் கீழே இருக்கிற நாற்காலி அப்படியே இருக்கும்வரை அவரும் அப்படியே இருக்கிறார். மீரான் அவருக்கு ஒரு மனமாற்றக் காட்சி கொடுக்க மறுத்தது பெரிய விசயம். நம் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்களாக இருந்தால் மூன்றாம் வாரமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழவைத்திருப்பார்கள்.

நாஞ்சில்நாடன் பிற்பாடு 'நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை' என்று தனியாக ஒரு நூலும் எழுதினார். மான்மியத்தையும் நாவலையும் சேர்த்து வாசிக்க நினைப்பவர்கள் இடையில் இதை வைத்துக்கொள்ளலாம். உறவுமுறைச் சொற்கள் குழப்பாது. வாசிக்கையில் ஒன்று செய்து பாருங்கள். 'தலைகீழ் விகிதங்க'ளில் பார்வதி பேசும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வாருங்கள். நான் போட்டேன், பென்சில் அதிகம் தேயவில்லை.