மேலமலைக் கல்வெட்டும் ரூட்டர் பதிவும்

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா போனோடு ஓடி வந்தார். "தம்பி, யாரோ நம்ம நெட்டுக்குள்ள பூந்துட்டாங்க போல, பாருங்க." நெட் மெதுவாக இருக்கிறதே என்று ரூட்டரின் பதிவுப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வரிசையாக 'டாஸ் அட்டாக்: ஆக் ஸ்கேன்' என்று நாற்பது ஐம்பது வரி. பயத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அன்றுதான் மகள் கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசையைப் பதியக் கடைசி நாள். கீரனூருக்குப் போய், சாயங்காலம் ஒருவழியாகப் பதிந்தார்கள்.

தாக்குதல் என்று சொல்ல அந்த வரிகளில் ஒன்றுமே இல்லை. அனுப்பிய பக்கத்தின் போர்ட் எண் எல்லாவற்றிலும் 443. அது சாதாரண இணையதளங்கள் பதில் அனுப்பும் போர்ட். நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, யாருக்குப் பதில் வர வேண்டும் என்று ரூட்டர் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். போன் தூங்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அதன்பிறகு தாமதமாக வரும் பதில், கேட்காமல் வந்த பாக்கெட்டாகத் தெரியும். தான் மறந்ததற்கு அடுத்தவன்மேல் பழி!

இதை எழுத்தின் குறையாகத்தான் பார்க்கிறேன். கண்டதைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்கிறது. அந்தப் பாக்கெட்டை என்ன செய்தது என்பதையும் சொல்வதில்லை. பெரும்பாலும் அப்போதே தூக்கிப் போட்டிருக்கும். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அக்கா பிளக்கைத் தொட்டிருக்க மாட்டார். சிஸ்லாக் முறையில் 0 முதல் 7 வரை தீவிர அளவு உண்டு: 0 என்றால் அவசரம், 7 என்றால் வெறும் பரிசோதனைத் தகவல். அந்தப் பக்கத்தில் அதுவும் இல்லை.

நம்ம ஊர் மேலமலையில், விஜயாலய சோழீஸ்வரத்தில், துவாரபாலகரின் கீழே ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைக் கட்டியவர் சாத்தன் பூதி, மழையில் இடிந்தது, புதுப்பித்தவர் மல்லன் விடுமன். அவ்வளவுதான் செய்தி. என்ன ஆனது, எதனால், யார் சரிசெய்தார் என்று மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மழையை யாரும் 'தாக்குதல்' என்று எழுதவில்லை.

கல்வெட்டுக்கும் இடறல் உண்டு. பக்கத்துப் பழியிலீஸ்வரக் குடைவரையில் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டு என்று வரும். அரசன் எப்போது பட்டமேறினான் என்று தெரியாதவருக்கு அது வெறும் எண். ரூட்டரும் அப்படியே. கரண்ட் போய் வந்ததும் பல ரூட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று காட்டும். யாரும் கடிகாரத்தைத் திருத்தவில்லை. யூனிக்ஸ் காலக்கணக்கின் தொடக்கம் அது. இணையத்திலிருந்து நேரம் வாங்கியதும் சரியாகிவிடும்.

"பதிவு பொறியாளருக்குத்தானே?" என்பார்கள். சரி, அப்படியென்றால் வீட்டுக்காரர் பார்க்கும் பக்கத்தில் 'அட்டாக்' என்ற சொல் எதற்கு? 'கேட்காத பாக்கெட் வந்தது, நிராகரித்தேன்' என்றால் போதும்.

இந்தப் பொய் அலறலில் உண்மையான ஆபத்தும் புதைந்துபோகிறது. நீங்கள் நுழையாத நேரத்தில் அட்மின் நுழைவு, நீங்கள் மாற்றாத டிஎன்எஸ் முகவரி: இந்த இரண்டைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். அக்காவுக்கும் இதைத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.