ஆள் நிறைந்த விடியல்

“உங்கட கடல்ல சூரியனைவிட ஆக்கள்தான் கூடத் தெரியினம், அண்ணை.”

திருகோணமலையில் ஒரு கல்யாண வீட்டில், என் செல்போனில் இருந்த மாமல்லபுரத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போன ஓர் இளைஞர் சொன்னது இது. அவரும் விடிவதற்கு முன்னே கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்தான். ‘கமரா’ என்பார், ‘விடியப்புறம்’ என்பார். பதிலுக்கு நிலாவெளியில் தான் எடுத்த படத்தைக் காட்டினார். வெள்ளை மணல், நுரையின் ஒற்றைக் கோடு, பாதி எழுந்த சூரியன். ஓர் ஆள் இல்லை, படகு இல்லை, காலடித் தடம்கூட இல்லை. நல்ல படம், மறுக்கவில்லை. “இப்பிடித்தான் வரவேணும்” என்று சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அதுதான் உறைத்தது. விருந்துக்குப் போன வீட்டில் வாதம் எதற்கென்று பேசாமல் இருந்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் ஊர் தேவிகாபுரத்தில் கடல் இல்லை. மலைமேல் கனககிரீசுவரர், கீழே பெரியநாயகி அம்மன் கோயில், சுற்றிலும் பட்டுத் தறிகள். ஆரணிப் பட்டு என்று கடையில் விரித்துக் காட்டும் புடவைகளில் எங்கள் தெருத் தறிகளில் அறுத்ததும் இருக்கும். அந்தத் திருகோணமலைக் குடும்பம் பெண்ணுக்குக் கூறைச்சேலை எங்களிடம் எடுத்ததால்தான் எனக்கு அழைப்பே வந்தது. நாங்கள் முகூர்த்தப் புடவை என்போம். நெசவுத் தெருவில் பிறந்தவனுக்கு விடியகாத்தால எழுவது பெரிய காரியமில்லை. வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டும் என்று இருட்டோடு தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு பைக்கை எடுத்தால் சேத்துப்பட்டு, வந்தவாசி, திண்டிவனம் தாண்டி, இருட்டு கலைவதற்குள் மரக்காணம். வழியில் வந்தவாசி பேருந்து நிலையத்தில் டீ. அந்நேரத்துக்கும் அங்கே ஆள் இருக்கும்.

மரக்காணத்தில் கடலுக்கு முன்னால் உப்பளம் வந்துவிடும். தை, மாசியில் பாத்திகளில் தண்ணீர் கட்டியிருக்கும். எல்லாப் பாத்தியிலும் ஒரே வானம்தான் விழுகிறது. ஆனாலும் உப்பு கூடக்கூட நிறம் மாறும். ஒன்று சாம்பல், அடுத்தது செம்மண், அதற்கடுத்தது இளஞ்சிவப்பு. வரப்பில் காலை வைத்தால் வழுக்கும். ட்ரைபாட்டின் ஒரு கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்தபடிதான் ஷட்டரை அழுத்த வேண்டும். வெயிலுக்குப் பயந்து உப்பளத்து ஆட்கள் இருட்டிலேயே இறங்கிவிடுவதால், சூரியன் தலை காட்டும்போது பலகை போட்டு உப்பு வாருகிறவர்கள் எப்படியும் படத்தில் இருப்பார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவது? ஒதுக்கவேண்டிய அவசியம்தான் என்ன?

சூரியன் வருவதற்கு இருபது நிமிஷம் முன்னால் எங்கள் கரையில் கடல் மயில்கழுத்து நிறத்தில் இருக்கும். நீலப் பாவில் பச்சை ஊடை போட்டு நெய்த புடவையை விளக்கடியில் அசைத்தால் நிறம் எப்படி ஓடுமோ, அப்படி அலைக்கு அலை ஓடும். இந்த நிறத்தை நான் திருகோணமலையிலும் தேடினேன். அங்கே நீர் தெளிவு. நீலம் சுத்தமான நீலமாக இருந்தது. அழகுதான். ஆனால் வண்டலும் ஆற்று முகத்துவாரமும் கலந்த எங்கள் கடலுக்கு இருக்கும் இரட்டை நிறம் அந்தத் தெளிவில் வருவதில்லை.

மாமல்லபுரத்துக்கு வருகிறேன், பேச்சு அதில்தானே தொடங்கியது. கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தொல்லியல் துறை வாசல் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். மே மாதக் கடைசியில் சூரியன் 5.42க்கே வந்துவிடும். ஆகவே கோடையில் உள்ளே நின்று உதயத்தை எடுக்க வழியில்லை. ஜனவரிக் கடைசியில் 6.36 வரை பொறுக்கும். அதோடு மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கே ஒதுங்கி எழுவதால், கோயிலுக்கு வடக்கே குப்பத்துப் பக்கம் மணலில் சரியான இடம் பார்த்து நின்றால் விமானங்களை ஒட்டியே ஏறும். ஆனியில் அதே இடத்தில் நின்றால் வெகுதூரம் இடப்பக்கம் போய்விடும், கோயிலையும் சூரியனையும் ஒரு படத்தில் சேர்க்க முடியாது. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துகொண்டு நிற்கும் இடம் மீனவர்களுடைய இடம். ஃபைபர் படகுகள் வந்து மணலில் ஏறும். தள்ளுவதற்குக் கை வேண்டும். வலையிலிருந்து நண்டு பிரிக்கும் அம்மாக்கள், கூடையோடு காத்திருக்கும் வியாபாரிகள், ஏலம் கூவுகிறவர். சூரியன் அவர்களுக்கு நடுவில்தான் வருகிறது. அவர்கள் எல்லோரும் அங்கே இருப்பதற்குக் காரணமும் அந்த நேரம்தான். கரை சுத்தமாக இல்லை என்றால் ஒத்துக்கொள்வேன். காலடியைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். அது கழிப்பறை கட்டித் தராதவர்களும் குப்பை அள்ளாதவர்களும் வெட்கப்பட வேண்டிய விஷயம். குப்பத்து மக்களைப் படத்திலிருந்து விரட்டுவதற்கு அது காரணமாகாது.

திருகோணமலைக்கு ஈடாக ஒன்று எங்களிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் இராணுவத்தைத் தாண்டி, மான்கள் மேயும் வழியாக மேலே போகவேண்டும். பாறை கடலிலிருந்து செங்குத்தாக முந்நூறு அடிக்கு மேல் நிற்கிறது. மணலில் நிற்கிறவன் கண்ணுக்குக் கடலின் விளிம்பு 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த உயரத்தில் 35 கிலோமீட்டர் வரை விரியும். கிழக்கே திறந்த கடல், மேற்கே குடா. பௌர்ணமி கழிந்த விடியலில் ஒரு பக்கம் நிலா இறங்க, மறுபக்கம் சூரியன் ஏறும். அந்த நாட்டில் பௌர்ணமி என்றால் போயா, பொது விடுமுறை. படம் எடுக்கிறவர்களுக்கு வாய்த்த வசதி. சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் அதன் தூண்களைக் கண்டார்கள். எங்கள் பல்லவன் கோயில் அலையைத் தாங்கிக்கொண்டு இன்றும் தரையில் நிற்கிறது என்று அங்கே நினைத்துக்கொண்டேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

அந்த நாட்டின் கடற்கரையில் ஆளே இல்லை என்பதும் உண்மையில்லை. உப்புவெளியில் நான் நின்ற காலையில் சற்றுத் தள்ளி கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, இருபது பேருக்குக் குறையாமல், குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தார்கள். கயிற்றின் கடைசியில் நின்றவர் அதை வளையமாகச் சுற்றி அடுக்கிக்கொண்டே வந்தார். என்னோடு வந்தவர்கள் கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை. வெறும் மணல் இருந்த திசைக்கு நகர்ந்து போனார்கள். ஆள் இல்லாத கரை அவர்களுக்குத் தானாக அமைவதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கைப் படக்கலையின் பெரிய பெயர் லயனல் வெண்ட். 1944இல் இறந்தவர். அவர் எடுத்த படங்களில் எத்தனை மனித உடல்கள், எத்தனை முகங்கள்! அந்த மரபை விட்டுவிட்டு, ஓட்டல் விளம்பரப் படத்தை இலக்கணமாக வைத்துக்கொண்டு எங்கள் படத்தைக் குறை சொன்னால் எப்படி?

இன்னொன்றும் உண்டு, எழுதவே கை தயங்குகிறது. சில கரைகள் அங்கே வெறிச்சென்று கிடப்பது இயற்கையால் அல்ல. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் போனோம். 2019இல் தொடங்கி, நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஓட ஆரம்பித்த தடம். பலாலிக்குப் பக்கத்தில்தான் மயிலிட்டி. 1990இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்து போன ஊர். துறைமுகம் 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. வடக்குப் பார்த்த கரை. ஆனி மாதத்தில் வடகிழக்கே ஒதுங்கும் சூரியன் அங்கே கரையை ஒட்டி எழும். இருபத்தேழு வருஷம் அந்த உதயத்தைப் பார்க்க ஊர்க்காரர் ஒருவரும் அங்கே இல்லை. அப்படிப்பட்ட கரையின் வெறுமையை நான் அழகு என்று படம் பிடிக்க மாட்டேன். அங்கே வாழ்கிறவர்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். எனக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வழியில் கூட வந்தவர்கள் சொன்னது.

நேரத்தைப் பற்றி ஒரு பெரியவர் சொன்னதும் அப்படித்தான் கிடைத்தது. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. அதே வருஷம் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் நம்முடைய நேரத்துக்கே திரும்பியது. புலிகள் வசம் இருந்த வன்னியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். அதாவது பத்து வருஷம், ஒரே சூரியன் ஒரே தீவில் இரண்டு வேறு நேரங்களில் உதித்தது. தை மாதத்தில் கிழக்குக் கரையில் புது நேரப்படி ஏழு மணியை ஒட்டித்தான் விடிந்தது. தேவிகாபுரத்தில் நாங்கள் அலாரம் வைப்பதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் போதும்.

கேமராவை எடுத்தவுடன் கரையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வியும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். மரக்காணத்தில் “பேப்பர்ல வருமா சார்?” என்பார்கள். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வரும் கேமராக் கூட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போய், “தள்ளுங்க, வேலைய பாக்கணும்” என்பார்கள், அதுவும் நியாயம். உப்புவெளியில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “நீங்கள் எந்த இடம்? ஏன் எடுக்கிறீங்கள்?” என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் கொஞ்சம் இறுகியது. நம் பக்கத்து இழுவைப் படகுகள் அவர்கள் கடலில் செய்கிற வேலை அங்கே எல்லோருக்கும் தெரியும். படம் எடுப்பவன் யாருக்காக எடுக்கிறான் என்று பயந்து பயந்து வாழ்ந்த வருஷங்களும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு அவரே வெறுந்தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

ஆள் நிறைந்த விடியலுக்கு எங்கள் கரையில் ஒரு உச்சம் மாசி மகம். புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் செஞ்சிப் பக்கத்துச் சிங்கவரம் பெருமாளும் வந்து தீர்த்தவாரி காண்பார்கள். எல்லாம் எங்கள் பக்கத்துத் தெய்வங்கள், கடல் பார்க்க உள்நாட்டிலிருந்து நடந்தவர்கள். மாமல்லபுரத்தில் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியலில் அலையோரத்திலேயே கல்யாணம் முடிப்பார்கள். மேற்கே நிலா, கிழக்கே சூரியன், நடுவில் மஞ்சள் புடவையில் ஒரு பெண். அங்கே வந்து முகத்துக்கு முன்னால் லென்ஸை நீட்டுகிறவர்களை, குளிக்கிற பெண்களைச் சுற்றி நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எட்டி நிற்கவேண்டும், கேட்டுவிட்டு எடுக்கவேண்டும். ஆனால் அந்தக் காலையில் ஆளை விலக்கிச் சூரியனை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவன் எதைத்தான் எடுத்தான்? வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வாருக்கும் கடல் தீர்த்தம் பெரிய கூட்டத்தோடு நடக்கும் என்றார்கள். பார்க்கக் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் ஒரே அலை இரண்டு கரையையும் அடித்தது. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர், தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். மட்டக்களப்பின் நாவலடி, கல்லடி. இங்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. குப்பங்களில் உயிர் தப்பியவர்களுக்கும் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் போய்விட்டன. கல்யாண ஆல்பம், செத்துப்போன அப்பாவின் ஒரே போட்டோ, குழந்தையின் பள்ளிக்கூடப் படம். இதை மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஒரு அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். அதற்குப் பிறகு நான் சூரியனுக்காக ட்ரைபாட்டை நிறுத்தும்போது யாராவது வந்து “எங்க ஆயாவ ஒண்ணு எடுங்க சார்” என்றால், உதயம் தாண்டினாலும் தாண்டட்டும் என்று கேமராவைத் திருப்பிவிடுகிறேன். பக்கவாட்டு வெளிச்சம் அந்த ஐந்து நிமிஷம்தான் முகத்துக்கு நன்றாக விழும். ஆரணியில் பிரிண்ட் போட்டு, எட்டுக்குப் பன்னிரண்டு அளவில், அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படத்தின் ஓரத்தில் சூரியனும் இருக்கும்.