முதலில் போவது முதல் எட்டு

காலாப்பட்டில் காலை ஆறரைக்கு நாங்கள் ஆடும் சிமென்ட் தரையில் போன வாரம் ஒரு பாயின்ட். எதிர்ப்பக்கம் அறுபத்தெட்டு வயதுக்காரர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவருக்கு ஜோடி, வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர். இந்தப் பக்கம் நானும் இருபத்திரண்டு வயது மாணவன் ஒருவனும். பையன் அடித்த ஃபோர்ஹேண்ட் சாரின் நெஞ்சுக்கு நேராக, நல்ல வேகத்தில் போனது. சார் மட்டையைப் பின்னால் இழுக்கவே இல்லை, சும்மா காட்டினார். பந்து எங்கள் தலைக்கு மேலே எழும்பி, பேஸ்லைனுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்தது. பையன் திரும்பி ஓடி அதை எடுத்தும்விட்டான். அதற்குள் சார் நெட்டுப் பக்கம் மூன்று எட்டு வந்திருந்தார். ஓடி அல்ல, நடந்து. பையன் தூக்கிக் கொடுத்த பந்தை அலுங்காமல் என் காலடியில் வைத்தார். குனிந்து பார்த்தேன், பந்து கலங்கித் தெரிந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். பாயின்ட் போய்விட்டது. எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

“அனுபவம் பேசுது” என்றார் வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர். அந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது வருஷமாக ஒரே தப்பைச் செய்கிறவருக்கும் அனுபவம் உண்டு. சாரிடம் இருப்பது கணக்கு. எது போய்விட்டது, எது இன்னும் கையிருப்பில் இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். எங்களில் பலருக்கு அது தெரியாது. இருபத்தைந்து வயதில் ஆடிய ஆட்டத்தையே கொஞ்சம் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறோம்.

வயதை அளந்து பார்க்க காலாப்பட்டு வாகான ஊர். பல்கலைக்கழகம், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எல்லாம் அருகருகே. ஆண்டுதோறும் புதுசாக ஒரு கூட்டம் வந்து இறங்கும். நான் முதுகலை படிக்க இங்கே வந்த 1994ல் எதிரே நின்றவனுக்கு இருபத்திரண்டு வயது. இன்றைக்கு எதிரே நிற்பவனுக்கும் அதே இருபத்திரண்டுதான். எதிராளிக்கு வயதே ஏறுவதில்லை, ஏறியதெல்லாம் எனக்குத்தான். வேறு ஊர்களில் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து மூப்படைவதால் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அப்படி அளந்ததில் கண்டது இது: முதலில் போவது கை அல்ல, மூச்சும் அல்ல, முதல் எட்டு. டென்னிஸில் எதிராளியின் மட்டையில் பந்து படும் நொடிக்குச் சற்று முன்னால் இரண்டு காலும் லேசாக எம்பி இறங்க வேண்டும். ‘ஸ்ப்ளிட் ஸ்டெப்’ என்பார்கள். இறங்கும்போது எந்தப் பக்கம் பந்தோ அந்தப் பக்கம் கால் தானாகத் தள்ளும். மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியதுதான். சட்டென்று விசை கொடுக்கும் வேகத் தசைநார்கள் வயது ஏற ஏற மற்றவற்றைவிட முந்தித் தேய்கின்றன. நிதானமாக நீண்ட நேரம் உழைக்கும் நார்கள் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. அதனால்தான் ஐம்பது வயதுக்காரர் ஒரு மணி நேரம் சளைக்காமல் நடக்கிறார், ஆனால் இரண்டு கஜம் தள்ளி விழும் டிராப் ஷாட்டுக்குச் சிலையாக நிற்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சின்ன எம்பலை நாற்பதில் நாம் நிறுத்தியிருப்போம். நிறுத்தியதே நமக்குத் தெரிந்திருக்காது. கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால்தான் நம்புவோம். நான் நம்பவில்லை, சண்டை போட்டேன்.

எனக்கு அதைப் புரியவைத்தது நாற்பத்தாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கிள்ஸ், எதிரே ஆராய்ச்சி மாணவர். நெட்டை ஒட்டி விழுந்த பந்துக்கு முன்னால் பாய்ந்தேன். ‘டப்’ என்று கெண்டைக்காலில் யாரோ பந்தால் அடித்தது போலிருந்தது. பக்கத்துத் தரையில் ஆடுபவர்கள்தான் அடித்துவிட்டார்கள் என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். பக்கத்துத் தரையில் ஆளே இல்லை. அடுத்த எட்டு வைக்கும்போதுதான் கால் என் கால் இல்லை என்று தெரிந்தது. கெண்டைத் தசையின் உள்பக்கம் கிழிந்திருந்தது. மருத்துவர் சிரித்துக்கொண்டே, “இதுக்கு ‘டென்னிஸ் லெக்’னே பேருங்க” என்றார். நடுத்தர வயதில், வாரக் கடைசியில் மட்டும் ஆடுபவர்களுக்கு வரும் வழக்கமான காயமாம். யாரோ அடித்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பதும் வழக்கம்தானாம். ஆறு வாரம் வெளியே உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆறு வாரத்தில் கற்றது அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் கற்றதைவிட அதிகம்.

கற்றதில் முதலாவது, தரையின் அளவு. 78 அடி நீளம். சிங்கிள்ஸுக்கு அகலம் 27 அடி, டபுள்ஸுக்கு 36 அடி. டபுள்ஸில் ஆளுக்குப் பாதி என்றால் 18 அடி. 27 அடியைக் காத்தவர் 18 அடியைக் காத்தால் போதும், மூன்றில் ஒரு பங்கு நிலம் மிச்சம். சிங்கிள்ஸை விட்டு டபுள்ஸுக்கு வருவதைத் தோல்வி போல நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அடுத்தது நெட். நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை. குறுக்காக அடித்தால் பந்து தாழ்வான இடத்தில் கடக்கும். நேராக அடிப்பதைவிட நாலரை அடி கூடுதல் தூரமும் கிடைக்கும். சார் நேர்கோட்டில் அடித்து நான் பார்த்தது அபூர்வம். நான் பார்த்த எங்கள் மட்டத்து ஆட்டங்களில் பாயின்டை ஜெயிப்பவர் குறைவு. எதிராளி தோற்றுக் கொடுப்பதுதான் அதிகம். அவர் தோற்றுக் கொடுக்கும் வரை பந்தைத் திருப்பி அனுப்புவதற்கு வேகத் தசை எதற்கு?

கண் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருள் கலங்கும் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. மேல்பாதியில் தூரமும் கீழ்ப்பாதியில் படிப்பும் வைத்த கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். அதே கண்ணாடியோடு தரையில் இறங்கினால், காலடிக்கு வரும் பந்தைக் குனிந்து பார்க்கும்போது கண் படிக்கும் பகுதி வழியாகப் பார்க்கிறது. பந்து கலங்கிவிடும். சார் என் காலடியைக் குறி வைத்தது தற்செயல் இல்லை. அவருடையது தூரப்பார்வைக்கு மட்டும் போட்ட தனிக் கண்ணாடி, தலைக்குப் பின்னால் கயிறு கட்டி வைத்திருக்கிறார். புது மட்டைக்கு யோசிக்காமல் செலவழிக்கும் நான் இதைச் செய்துகொள்ள மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். போன வாரம் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த பலன்தான் அந்தப் பாயின்ட்.

முழங்கைக்கும் தோளுக்கும் சுருக்கமாக. பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து மட்டைக்கு பாலியஸ்டர் நரம்பை 55 பவுண்டு இறுக்கத்தில் கட்டச் சொல்லாதீர்கள். மென்மையான நைலான் நரம்பு, ஐந்தாறு பவுண்டு குறைத்து. முழங்கை நன்றி சொல்லும். சர்வ் வேகத்தைக் கூட்ட ஐம்பதில் பயிற்சி எடுப்பது, என் அபிப்பிராயத்தில், தோளை அடகு வைத்து நகை வாங்குவது. முதல் சர்வை முக்கால் வேகத்தில் உள்ளே போடுங்கள்.

ரோகன் போபண்ணாவை உதாரணம் காட்டி என்னை மடக்குகிறவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் டபுள்ஸ் பட்டம் வென்றபோது அவருக்கு 43 வயது. அந்த வயதில்தான் முதன்முறையாக உலக டபுள்ஸ் தரவரிசையில் முதல் இடத்துக்கும் வந்தார். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோய், வலி மாத்திரையோடு ஆடிக்கொண்டிருந்தவர், ஐயங்கார் யோகாவில் நிவாரணம் கண்டார். 2025 நவம்பரில்தான் விடைபெற்றார். “அவர் சர்வ் வேகம் குறையலையே சார்?” என்பார்கள். அவருக்குத் தொழில் அது, கூடவே ஆட்கள் உண்டு. ஆனால் அவரும் சிங்கிள்ஸை எப்போதோ விட்டுவிட்டு டபுள்ஸை மட்டும் வைத்துக்கொண்டவர். தேய்ந்த முழங்காலுக்கு நிலத்தைக் குறைத்துக் கொடுத்தார், மிச்சமிருந்த கையை முழுசாகப் பயன்படுத்தினார். சார் செய்வதும் அதுதான், மேடை வேறு.

இன்னொரு பழைய கணக்கு. 1974ல் கென் ரோஸ்வால் 39 வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் இறுதிக்கு வந்தார். இரண்டிலும் ஜிம்மி கானர்ஸ் அவரைத் துவைத்தெடுத்தார். நியூயார்க்கில் 6-1, 6-0, 6-1. எல்லோரும் இந்த ஸ்கோரைச் சொல்லி வயதின் பரிதாபம் பேசுவார்கள். நான் பார்ப்பது அதற்கு முந்தைய சுற்றுகளை. அந்த விம்பிள்டனில் ஜான் நியூகோம்பை வென்று, ஸ்டான் ஸ்மித்திடம் முதல் இரண்டு செட்டை இழந்த பிறகும் மீண்டு வென்றுதான் அவர் அங்கே வந்தார். இருவருமே பெரிய சர்வ்காரர்கள். ரோஸ்வாலின் ஆயுதம் பேக்ஹேண்ட் ஸ்லைஸ். பலத்தை நம்பாத அடிக்குத் தேய்மானம் குறைவு. நம் ராமநாதன் கிருஷ்ணனும் அந்த ஜாதி. 1960, 61 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. 61 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் வென்றார். சர்வை வைத்து அவர் யாரையும் மிரட்டியதில்லை, தொட்டு வைப்பதுதான் ஆட்டம். மற்றவர்கள் ஐம்பதில் வந்து சேரும் ஆட்டத்தை அவர் இருபத்து நாலிலேயே ஆடிவிட்டார் என்பேன்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை, 1878ல் பாரிஸில் பிறந்த மிர்ரா அல்ஃபாசா, எட்டு வயதில் டென்னிஸ் கற்றவர். எழுபது வயதுக்கு மேல் இங்கே கடலோரத்து ஆசிரம மைதானத்தில் நாள் தவறாமல் ஆடினார். எண்பது வயது வரை அது தொடர்ந்தது. 1950 ஏப்ரலில் ஆசிரமத்துக்கு வந்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் எடுத்த படங்களில் அன்னை மட்டையோடு நிற்பதும் உண்டு. அப்போது அவருக்கு 72. பக்தர்களுக்கு அந்தப் படத்தில் வேறு பொருள் இருக்கலாம். நான் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன், என் கண் காலுக்குத்தான் போகும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் தன் சிறுவயதைப் பற்றிச் சொன்ன ஒரு விஷயம். சமவயதுப் பிள்ளைகளோடு ஆடினால் எதுவும் கற்க முடியாது என்று, நன்றாக ஆடும் பெரியவர்களோடு போய் ஆடுவாராம். ஜெயித்ததே இல்லை, ஆனால் நிறையக் கற்றாராம். தோற்பதை எட்டு வயதிலேயே பழகியவருக்கு எழுபதில் மட்டையைத் தூக்கத் தயக்கம் இருக்காது. எங்கள் வட்டத்தில் ஐம்பதைத் தாண்டிப் பாதியில் விட்டவர்களை எண்ணிப் பார்த்தால், மூட்டுவலியால் விட்டவர்களைவிட, நேற்று வரை தான் ஜெயித்த ஆளிடம் தோற்றதால் விட்டவர்களே அதிகம். அவர்களில் சிலர் இப்போது பெத்தாங் ஆட்டத்தில் குண்டு எறியப் போகிறார்கள். அதிலும் தோற்பார்கள், பாவம்.

ஆயுள் கூடும் என்று ஒரு புள்ளிவிவரம் எல்லா டென்னிஸ்காரர் கைபேசியிலும் சுற்றுகிறது. கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2018ல் வெளியானது. உட்கார்ந்தே இருப்பவர்களைவிட டென்னிஸ் ஆடுபவர்களுக்கு ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல், பேட்மின்டனுக்கு 6.2, மெது ஓட்டத்துக்கு 3.2. நல்ல செய்திதான். ஆனால் டென்னிஸ் ஆட நேரமும் பணமும் உள்ளவர்கள் ஏற்கெனவே நீண்ட நாள் வாழக்கூடியவர்களாக இருக்கலாம். இது கவனித்து எழுதிய ஆய்வு, டென்னிஸ்தான் காரணம் என்று நிரூபித்ததல்ல. ஆய்வாளர்களே சொன்ன ஒரு விளக்கம் எனக்கு ஏற்புடையது: இந்த ஆட்டத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும், அந்தச் சகவாசமும் ஒரு மருந்து.

நம் கடலோரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் வெயில் இல்லை, உண்மை. ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான். வியர்வை வடியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வயதானால் தாகம் எடுப்பதும் மந்தம். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருக்காமல், பக்கம் மாறும்போதெல்லாம் இரண்டு வாய் குடியுங்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் கெண்டைக்காலைச் சூடேற்றுங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். போன முதல் எட்டு முழுசாகத் திரும்பாது, பாதி திரும்பும். டபுள்ஸுக்குப் பாதி போதும்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் மூத்தோர் போட்டிகள் 30 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருஷப் பிரிவுகளாக 90ஐத் தாண்டியவர்கள் வரை போகின்றன. சாருக்கு அதில் ஆர்வமில்லை. நாளைக்கு அவர் ஆறு மணிக்கே வந்து நெட்டின் நடு உயரத்தை அளந்துகொண்டிருப்பார். எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது நாலாவது ஆள் குறைகிறது. ஐம்பதைத் தாண்டியவர், மட்டையைப் பரணில் போட்டவர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் வாருங்கள். தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.