கிட்டியின் கைகள்

2014இல் வெளிவந்த ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். வுல்வரின் கண்மூடிப் படுத்திருக்கிறான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றிப்பொட்டின் இருபுறமும் கைகளை வைத்திருக்கிறாள் கிட்டி பிரைட். அவன் மனத்தை 2023இலிருந்து 1973க்கு அனுப்பியவள் அவள்தான். அவன் அங்கே ஓடுகிறான், சண்டையிடுகிறான், வரலாற்றை மாற்றுகிறான். அவளோ இடத்தைவிட்டு அசைய முடியாது. இடையில் அவனுடைய நகங்கள் அவள் உடலைக் கிழிக்கின்றன. ரத்தம் கசிந்துகொண்டிருக்க, வேலையைத் தொடர்கிறாள்.

முதல்முறை பார்த்தபோது இது எனக்கு உறுத்தவில்லை. நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் போல அவ்வளவு பழகிய காட்சி. மூலக் காமிக்ஸை வாசித்த பிறகுதான் உறுத்தியது. அதில் பயணம் போனவளே அவள்தான்.

கிறிஸ் கிளேர்மான்டும் ஜான் பிர்னும் உருவாக்கிய அந்தக் கதை, 1981 ஜனவரி, பிப்ரவரி மாதமிட்ட ‘அன்கேனி எக்ஸ்-மென்’ 141, 142ஆம் இதழ்களில் வந்தது. அதில் எதிர்காலம் என்பது 2013. சென்டினல் எனும் இயந்திரங்கள் அமெரிக்காவை ஆள்கின்றன. மியூட்டன்ட்கள் முகாம்களில் அடைபட்டிருக்கிறார்கள். நடுவயதை எட்டிய கேட் பிரைட்டின் மனத்தை, 1980இல் வாழும் பதின்மூன்று வயது கிட்டியின் உடலுக்குள் ரேச்சல் என்னும் பெண் அனுப்புகிறாள். செனட்டர் கெல்லியின் கொலையைத் தடுப்பது அவள் வேலை. கொலைக்குத் திட்டமிடுபவள் மிஸ்டிக். அம்பு எய்யப் போகிறவள், எதிர்காலத்தைக் காணக்கூடிய, பார்வையற்ற டெஸ்டினி. அவள் உடலினூடே ஊடுருவிச் சென்று குறியைத் தவறவைப்பவள் கேட். அணிக்குத் தலைமை தாங்குபவள் ஸ்டார்ம். ஆபத்தைத் திட்டமிடுபவளும் தடுப்பவளும் பெண்களே. வுல்வரினோ, அந்த எதிர்காலத்தில் சென்டினலால் எரிக்கப்பட்டுச் சாகிறான்.

கதையில் என்னை அதிகம் பாதித்தது சண்டையல்ல. அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி மயங்கி விழுந்து எழுகிறாள். பெரியவர்களிடம், “இன்று ஒரு கொலை நடக்கப்போகிறது, நாம் போகவேண்டும்” என்கிறாள். சந்தேகம் எழுகிறது. ஆனாலும் அணி வாஷிங்டனுக்குப் புறப்படுகிறது. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை தனக்குத் தெரிந்த ஓர் ஆபத்தைச் சொன்னால் வீடுகளில் என்ன பதில் வரும் என்பதை அறிந்த எவருக்கும், இந்தப் பக்கங்கள்தான் கதையின் பெரிய அதிசயம்.

கிட்டியை மாற்றியதற்குப் படம் ஒரு காரணம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகள் பின்னால் போனால் மனம் சிதைந்துவிடும். காயம் ஆறும் உடல் கொண்ட வுல்வரினால்தான் தாங்கமுடியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காமிக்ஸிலும் ஒரு விதி இருந்தது: மனத்தைக் காத்துக்கொள்ளும் பயிற்சியைக் கிட்டி இன்னும் பெறவில்லை, அதனால்தான் அவளுக்குள் எளிதில் நுழைய முடிந்தது. அங்கே அனுபவமின்மை தகுதியானது. இங்கே அடிதாங்கும் உடல் தகுதியானது. காலப் பயணத்துக்கு இயற்கை விதி எதுவும் கிடையாது. எழுதுகிறவர் வைப்பதுதான் விதி. ஆகவே, யார் போகவேண்டும் என்று முடிவெடுத்தபின் விதியை எழுதினார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சூப்பர் ஹீரோ கதைகளில் பெண் பெரும்பாலும் பயணத்தின் காரணமாகவே இருக்கிறாள். ஃப்ளாஷ் எனும் பேரி ஆலனின் தாய் நோரா பழைய கதைகளில் உயிரோடுதான் இருந்தாள். 2009இல் தொடங்கிய ‘ஃப்ளாஷ்: ரீபர்த்’ தொடரில், எதிரி ஒருவன் காலத்தில் பின்சென்று, பேரியின் சிறுவயதிலேயே அவளைக் கொன்றுவிட்டதாக மாற்றி எழுதினார்கள். 2011இன் ‘ஃப்ளாஷ்பாயிண்ட்’ கதையில் பேரி பின்னோக்கிப் போய் அவளைக் காப்பாற்றுகிறான். அதனால் உலகம் சீர்குலைகிறது. அதைச் சரிசெய்ய அவள் மறுபடி சாகவேண்டும். மகனின் துயரத்துக்கு ஆழம் வேண்டி ஒருமுறை, உலகம் நிலைபெற மறுமுறை. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான், தானே கிளம்பிப்போன கேட் எவ்வளவு அரிதானவள் என்பது புரியும்.

காமிக்ஸையும் நான் புனிதமாக்கவில்லை. 141ஆம் இதழின் புகழ்பெற்ற அட்டையிலேயே வுல்வரின் கேட்டுக்கு அரணாக நிற்கிறான். படத்திலும் மிஸ்டிக்குக்கு வலுவான இடம் உண்டு. கடைசியில் வரலாறு திரும்புவது அவள் சுடாமல் விடுவதால்தான். ஆனால் வரப்போவதை அறிந்து வந்து சொல்பவன் ஆண். அதைக் கேட்டு மனம் மாறவேண்டியவள் பெண்.

படத்தின் முடிவில் எதிர்காலம் சீராகிறது. வுல்வரின் விழித்தெழுந்து, பள்ளிக்கூடத்தில் நடந்துபோகிறான். நடந்தது எல்லாம் அவனுக்கு நினைவிருக்கிறது. வகுப்பறையில் கிட்டி பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவன் தலையைத் தாங்கியிருந்ததும், ரத்தம் சிந்தியதும் அவளுக்குத் தெரியாது. அப்படி ஒன்று அவளுக்கு நடக்கவே இல்லை. வீட்டு வேலையின், பராமரிப்பின் வரலாறு பலமுறை இப்படித்தான் அழிந்திருக்கிறது: வேலை வெற்றி பெற்றதும், அது நடந்ததற்கான தடயமே இல்லாமல்.

அந்தக் கைகளை இப்போது பார்க்கும்போது, அவை 1980க்கு ஒருமுறை போய்வந்தவை என்பதை மறக்கமுடிவதில்லை.