மரத்தில் முளைத்த நட்சத்திரம்

சில வருஷங்களுக்கு முன் ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி. டிரைபாடில் கேமராவை நிறுத்திவிட்டு, கொட்டாவி விட்டபடி விடிய விடிய வானத்தைப் படமெடுத்தேன். ஒவ்வொன்றும் 30 செகண்ட் எக்ஸ்போஷர். கீழே கறுப்பாக ஒரு புளியமரம், மேலே வாரி இறைத்த மாதிரி நட்சத்திரங்கள். பெரிசாக பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் 'ஆஹா' என்றார்கள். எட்டாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "அங்கிள், மரத்துக்கு நடுவுல எப்படி ஸ்டார் தெரியுது?" என்றாள்.

தெரியத்தான் செய்தது. அடிமரத்தில் சிவப்பாக ஒன்று, நீலமாக இரண்டு.

அவை நட்சத்திரங்கள் இல்லை, ஹாட் பிக்ஸல்கள். சென்சாரில் வெளிச்சம் பட்டால் எலெக்ட்ரான் சேரும். சிக்கல் என்னவென்றால், சூட்டிலும் சேரும். பகலில் 1/500 செகண்டில் படமெடுக்கும்போது அந்த உதிரிக் கணக்கு கண்ணுக்கே தெரியாது. அரை நிமிஷம் திறந்து வைத்தால் வட்டி ஏறிவிடும். ஆறிலிருந்து எட்டு டிகிரி சூடு கூடினால் இந்த வட்டி ஏறத்தாழ இரட்டிப்பாகும். லட்சக்கணக்கான பிக்ஸல்களில் சில, பிறவியிலேயே கசிவு அதிகமானவை. அவைதான் இருட்டில் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிற்கின்றன.

உங்கள் படத்திலும் சந்தேகமா? லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டரையும் துணியால் மூடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் 30 செகண்ட் எடுங்கள். அப்போதும் தெரிகிற புள்ளி சென்சாருடையது. இன்னொரு வழி, பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு படம். வானம் மணிக்கு 15 டிகிரி நகரும். நகராத 'நட்சத்திரம்' போலி. ஒரு ஓரம் மட்டும் ஊதாவாகப் பூத்திருந்தால் அது வேறு வியாதி. பக்கத்திலிருக்கும் சர்க்யூட்டின் சூடு சென்சாருக்குள் கசிந்திருக்கும்.

மருந்து கேமராவிலேயே இருக்கிறது. மெனுவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று. படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு அதே 30 செகண்டுக்கு வெறும் இருட்டை இன்னொரு படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழித்துவிடும். நான்கு நிமிஷப் படத்துக்கு எட்டு நிமிஷம். கேமரா 'ஹேங்' ஆகிவிட்டது என்று பயந்து பாட்டரியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. பொறுமையில்லாமல் அதை ஆஃப் செய்து வைத்ததுதான் என் புளியமரத்தில் நட்சத்திரம் முளைத்த ரகசியம். ஆனால் ஒன்று. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளிதான் இதில் போகும். படம் முழுக்கத் தூவினாற்போல் வரும் சொரசொரப்பு போகாது.

நான் பி.காம். கழித்தலில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதைக் கழித்தோம் என்பதற்கு வவுச்சர் வேண்டும், அவ்வளவுதான். இந்த இருட்டுப் படம்தான் வவுச்சர். என் புகார் வவுச்சரே இல்லாமல் கழிக்கிற கேமராக்கள் மேல்.

2004ல் வந்த நிகான் டி70ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கேமரா. ஆனால் நீண்ட எக்ஸ்போஷரில் தனியாகப் பிரகாசிக்கும் புள்ளியைக் கண்டால் 'பழுது' என்று முடிவுகட்டி, அக்கம்பக்கத்து நிறத்தால் பூசி மெழுகிவிடும். மங்கலான நட்சத்திரமும் ஒன்றிரண்டு பிக்ஸலில்தானே விழுகிறது? அதுவும் போச்சு. இத்தனைக்கும் இது நடந்தது ரா ஃபைலில். சென்சார் கண்டதைக் கண்டபடி எழுதிய மூலப்பத்திரம் என்று நாம் நம்புகிற ஃபைல். வானம் எடுக்கிறவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் செய்து படமெடுத்து, கேமரா இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துவிடுவது. பதறிப்போன கேமரா, கை வைக்காத ஃபைலை அப்படியே எழுதிவிடும்! உண்மையை வாங்க உரிமையாளரே கரென்டைப் பிடுங்க வேண்டிய நிலைமை.

பன்னிரண்டு வருஷம் கழித்து சோனியிலும் இதே கதை. 2016, 2017 வாக்கில் ஏ7 வரிசை கேமராக்களுக்கு 'நட்சத்திரம் தின்னி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சில செகண்டுகளுக்கு மேல் போனால் பொடி நட்சத்திரங்கள் காணாமல் போயின. மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தாலும் சாப்பாடு நிற்கவில்லை. கூச்சல் போட்ட பிறகுதான் அடுத்தடுத்த மாடல்களில் பசி குறைந்தது.

பழி முழுக்க கம்பெனி மேல் போட முடியாது. ராத்திரிப் படம் என்றால் ஜரிகை கறுப்புப் பட்டு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது நாம்தான். காலண்டரில், போட்டிகளில், எங்கும் அந்த வழவழப்புக்குத்தான் பரிசு. என் ஹாலிலும் அப்படித்தானே 'ஆஹா' கிடைத்தது. 2023ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் போட்டு சாம்சங் போனால் எடுத்துக் காட்டினார். போன் பள்ளங்களோடு ஜோரான நிலாவைக் கொடுத்தது. இருப்பதைத் தின்பதிலிருந்து, இல்லாததை ஊட்டுவதற்கு வந்துவிட்டோம்.

ஹபிள் தொலைநோக்கியில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். விண்வெளிக் கதிர்கள் அடித்து அடித்து அதன் சென்சார்களில் நித்தம் புது ஹாட் பிக்ஸல்கள். வேலை செய்யும்போது சென்சார் மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே. மாதத்துக்கு ஒருமுறை குளிர்பதனத்தை நிறுத்தி, நம்மூர் ஏ.சி. ரூம் அளவுக்குச் சூடாக்கி 'ஒத்தடம்' கொடுத்தார்கள். புதிதாகக் கெட்டதில் பெரும்பகுதி தானாகவே ஆறிவிட்டது. ஆறாதவற்றைப் பூசி மறைக்கவில்லை. 'இந்த பிக்ஸலை நம்பாதே' என்று படத்தோடு தனியாக ஒரு பட்டியலே போகிறது. டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் எழுதி, அந்தப் பெயரிலேயே பாலன்ஸ் ஷீட்டில் காட்டுகிற மாதிரி. எங்கள் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

நமக்கு ஒத்தடம் கட்டுப்படியாகாது. மே மாதத்தை விட டிசம்பர் நல்லது. இரண்டு படத்துக்கு நடுவே கேமராவை ஆறவிடலாம். ஒலிம்பஸ் கேமராக்களில் 'பிக்ஸல் மேப்பிங்' என்று மெனுவிலேயே உண்டு, கெட்ட பிக்ஸலைக் குறித்துக்கொண்டு ஒதுக்கிவிடும். செகண்ட் ஹாண்ட் கேமரா வாங்குகிறவர்கள் கடையிலேயே மூடியைப் போட்டு ஒரு 30 செகண்ட் எடுத்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். "சார், மூடி கழட்டல" என்பார். பார்க்கட்டும்.